ஒரே அளவில் இரண்டு பைகள்

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து காற்று. மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. கேட்டு வாங்க வேண்டும்.

செப்டம்பரில் உத்தராகண்ட். பத்து நாள் நடை. என் பழைய பை காலியாகவே 2 கிலோ 150. சமையலறைத் தராசில் நிற்கவில்லை. கொக்கித் தராசில் தொங்கவிட்டுப் பார்த்தேன். இப்போது வருகிற பைகள் ஒரு கிலோவுக்குள். அறுபத்தொரு வயது முதுகுக்கு அது பெரிய விஷயம்.

குறைத்தவை:
பிரஷ், கைப்பிடி பாதி அறுத்தது, 9 கிராம்.
சோப்பு, கால் துண்டு.
இரண்டாவது பேன்ட் வேண்டாம்.
இந்த டைரி? யோசிக்க வேண்டும்.

வசந்தா பிரஷைப் பார்த்துவிட்டாள். "நல்லா இருந்த பிரஷை ஏங்க இப்படி அறுத்து வச்சிருக்கீங்க? பல்லு விளக்கவா, பல்லு குத்தவா?"

மாலை மலைக்கோட்டை. முதுகில் ஐந்து கிலோ பொன்னி அரிசியோடு உச்சி வரை ஏறி இறங்கினேன். இரண்டு இடத்தில் நின்றேன். முட்டி வலி வந்தபின் வசந்தா கீழே மாணிக்க விநாயகர் சன்னதியோடு சரி. என் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரணில் என் பைக்குப் பக்கத்தில் அவளுடையதும் இருந்தது. மாடல், சைஸ், நிறம் எல்லாம் ஒன்றே. நான்தான் அப்படி வாங்கினேன். ஒன்றில் பக்கிள் உடைந்தால் மற்றதிலிருந்து கழற்றி மாட்டலாம் என்று. முப்பத்துநாலு வருஷம் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்தவன் புத்தி. போன மலை நடையில் அவள் பை உழைத்தது இரண்டே நாள். அதற்கப்புறம் ஆறு வருஷமாக, வருகிறாயா என்று நான் அவளைக் கேட்டதில்லை.

ஜூலை 18, வெள்ளி

வெயில், காற்று இரண்டும். தில்லைநகர் மலையேற்றச் சாமான் கடை. விற்பனைக்கு ஒரு பெண், இருபத்தைந்து இருக்கும், கழுத்தில் இஞ்சு டேப்.

950 கிராம் பை ஒன்றை எடுத்தேன். கையில் வைத்துப் பார்த்தால் தலையணை உறை மாதிரி இருக்கிறது. நான் கேட்டதெல்லாம் எடை, ஜிப், தையல். அந்தப் பெண் கேட்டது வேறு.

"சார், தலையைக் குனிங்க."

கழுத்துக்குக் கீழே துருத்திய எலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை அளந்தாள். "பத்தொன்பது அங்குலம். உங்களுக்கு லார்ஜ்."

"நான் ஆறடிம்மா, லார்ஜ்தான் வரும்."

"உயரம் வேற, முதுகு வேற சார். இடுப்பு பெல்ட் இடுப்பெலும்பு மேல உக்காரணும். அப்பத்தான் கனம் இடுப்புக்கு இறங்கும். முதுகுக்கு மீறின பைன்னா பெல்ட் கீழே தொங்கும். மொத்த கனமும் தோள்லதான்."

தனியாகவா போகிறீர்கள் என்று கேட்டாள். வழக்கமான கதையைச் சொன்னேன். "எங்க வீட்டம்மா போன தடவை ரெண்டாம் நாளே ஜகா வாங்கிட்டாங்க. தோள் வலின்னு ஒரே அழுகை. நான் மட்டும் மேலே ஏரி வரைக்கும் போயிட்டு வந்தேன்."

எல்லாரும் சிரிக்கும் இடம். அவள் சிரிக்கவில்லை.

"அம்மா உயரம் எவ்வளவு சார்?"

"அஞ்சடி."

"பை என்ன சைஸ்?"

"லார்ஜ்."

"அளந்து பாத்தீங்களா?"

பையை வாங்காமல் வெளியே வந்தேன். திரும்பும்போது ஆடி வெள்ளிக் கூட்டம். திருவானைக்காவலில் ஒன்றாம் நம்பர் பஸ் முக்கால் மணி நேரம் நகரவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தேன். தொழிற்சாலையில் குழாயின் தடிமனில் அரை மில்லிமீட்டர் தப்பினால் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஜூலை 19, சனி

வ. கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து அவள் பையைப் பரணிலிருந்து இறக்கினேன். தூசி, தும்மல்.

உள்ளே: ஒற்றைக் காலுறை. பாதி தைல டப்பா. எலுமிச்சை மிட்டாய் நான்கு, உருகி ஒட்டியவை.

தோள் பட்டைகளுக்கு அடியில் கைக்குட்டையை நாலாக மடித்து வைத்துத் தைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும். நெருக்கமான தையல். கூடாரத்துக்குள் உட்கார்ந்துதான் தைத்திருக்க வேண்டும். வலது பக்கத்தில் இருப்பது என் கைக்குட்டை. முதல் நாள் அதைக் காணோம் என்று அவளிடம் எரிந்து விழுந்தது நினைவிருக்கிறது.

மறுநாள் கூட நடந்த பதினைந்து பேர் முன்னால் நான் சொன்னதும் நினைவிருக்கிறது. "நடக்கத் தெரியலைன்னா எதுக்குக் கிளம்பி வந்தே?" இதை மட்டும் கதையில் சேர்ப்பதில்லை.

ஜூலை 20, ஞாயிறு

மேகமூட்டம். இஞ்சு டேப்போடு சமையலறைக்குள் போனேன். வ. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னங்க, டெய்லர் வேலையா?"

"தலையைக் குனி."

குனிந்தாள். எலும்பைத் தேடிப் பிடித்து அளந்தேன். பதினைந்தரை. மறுபடி அளந்தேன். பதினைந்தரைதான். கீழே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உன்மேல் தப்பில்லை, நான் வாங்கிய பைதான் என்றேன்.

கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும்ங்க."

"எப்போதிருந்து?"

"அன்னிக்கே. என்னைக் கீழே கூட்டிட்டுப் போன குதிரைக்காரர் பார்த்ததும் சொல்லிட்டார், பை பெருசுன்னு. அதைக் குதிரை மேல ஏத்துனதும் அவருக்கு முன்னாடி நான்தான் நடந்தேன்."

"ஏன் சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

இல்லை. நம்பியிருக்க மாட்டேன். நீ என்ன இன்ஜினீயரா என்று கேட்டிருப்பேன்.

செப்டம்பருக்கு நீயும் வா, உன் அளவில் வாங்குவோம் என்றேன். தண்டைக் கிள்ளிப் போட்டபடியே சொன்னாள்: "இறக்கம் இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்கதானே கூட வந்தீங்க."

ஆமாம். நான்தான் கூடப் போனேன். வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. அம்மா மண்டபம் படியில் இருவரும் கொஞ்ச நேரம். கடைப் பெண் போன் செய்தாள். "சார், அந்தப் பையை எடுத்து வைக்கவா?" பிறகு சொல்கிறேன் என்றேன்.

ஒன்று உறைத்தது. நான் மேலே போய்த் திரும்ப ஆறு நாள். அந்த ஆறு நாளும் கீழே கிராமத்தில் இவள் என்ன செய்தாள்? இன்றுவரை நான் கேட்டதே இல்லை. கேட்டேன்.

"நடந்தேன்."

"எங்கே?"

"தங்கியிருந்த வீட்டு அம்மாவோட. முதல் நாள் தோள் வலி, படுத்துட்டேன். அப்புறம் தினம் நடந்தோம். ஒரு துணிப்பை, ரெண்டு ரொட்டி, தண்ணி பாட்டில், அவ்வளவுதான். நாலாம் நாள் மேலே ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. உங்க ஏரி இல்லைங்க, இது சின்னது. காலையில கிளம்பி, திரும்பறப்ப விளக்கு வச்சாச்சு. போட்டோகூட எடுத்தேன்."

"காட்டவே இல்லையே."

"காட்டலாம்னு போனைக் கையில வச்சுக்கிட்டுத்தான் நின்னேன். நீங்க வந்ததும் உங்க போட்டோவைக் காட்ட ஆரம்பிச்சீங்க."

ஹாலில் மாட்டியிருக்கிறது அந்தப் படம். நான் மட்டும், பின்னால் பனி. சட்டம் போட்டது நான்தான்.

ஜூலை 23, புதன்

அவளுடைய பழைய போனைத் தேடினேன். தையல் டப்பாவில் இல்லை. சாமி அலமாரியில் இல்லை. கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு இருக்கும் டிராயரில், ரப்பர் பேண்ட் சுற்றி. சார்ஜர் இல்லை. வேறொன்றைச் செருகிப் பார்த்தேன். உயிர் வரவில்லை.

"இப்ப எதுக்குங்க அது?"

"அந்த ஏரியைப் பார்க்கணும்."

காப்பி கலக்கப் போனாள்.

ஜூலை 24, வியாழன்

தூறல். ராஜகோபுரத்துக்கு வெளியே உள்ள போன் ரிப்பேர் கடை. கடைக்காரர் திறந்து காட்டினார். பாட்டரி உப்பி, உள்ளே போர்டு முழுக்கப் பச்சைப் பாசி மாதிரி பூத்திருக்கிறது. "மெமரி போயிடுச்சு சார். மூணு நாலு வருஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா எடுத்திருக்கலாம்."

வெளியே வந்து குடையை விரிக்காமல் நின்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். படம் போய்விட்டது, இனி கிடைக்காது என்று. வ. துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"அதனால என்னங்க. நான் பாத்துட்டேனே."