நான் துபாயில் இருக்கிறேனாம்

ஞாயிறு, இரவு.

இன்று அமரவிளை சர்ச்சில் தங்கச்சிக்கு நிச்சயம். யாரும் அழைக்கவில்லை, ஆனாலும் சேலை உடுத்திக்கொண்டு போனேன். வாசலிலேயே அம்மா மறித்தாள்.

"உள்ள வரண்டாம். மூத்தவன் துபாயில இருக்காண்ணு மாப்பிள வீட்டுல சொல்லியாச்சு."

"நான் ஒங்க மகளாக்கும் அம்மா. பாலராமபுரத்துல இருக்கேன்."

"எனக்கு அப்படியொரு மக கெடையாது."

"அப்போ மூத்தவன் செத்துப்போனாண்ணு சொல்லியிருக்கலாமே?"

அம்மா தரையைப் பார்த்தாள். "அதையும் நெனச்சேன், மக்கா."

நான் சேலை உடுத்தத் தொடங்கியதிலிருந்து அம்மா என்னை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கத்தில் ஆணோ பெண்ணோ, பெற்ற பிள்ளையை மக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என் சாவைப் பேசும்போதுதானா அந்தச் சொல் அவள் வாயில் வர வேண்டும்?

திரும்பி வந்து பஸ் ஏறிவிட்டேன். இப்போது விளக்கை அணைக்கப் பயமாக இருக்கிறது, இருட்டில் அந்த 'மக்கா' மறுபடியும் கேட்கும்.