குடி மறக்கற மாத்திரை

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

அன்பு மகள் அன்புச்செல்விக்கு அப்பா எழுதிக்கொள்வது. ஆண்டவர் இரக்கத்தால் இங்கே நானும் விழுப்புரத்தில் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், பூனாவில் உன் சுகத்துக்கும் அன்றாடம் செபிக்கிறேன். எல்லாக் கடிதத்திலும் வருகிற வரிதான், ஆனால் ஐம்பத்திரண்டு நாளாகக் குடிக்காமல் இருக்கிற ஒருவன் எழுதுவதால் இந்தத் தடவை அதில் முக்கால்வாசியாவது உண்மை. மீதிக் கால்வாசியைச் சர்க்கரையும் பிரஷரும் எடுத்துக்கொண்டன. ஆறு வருஷமாக நீ என்னிடம் பேசுவதில்லை, பேசச் சொல்ல எனக்கும் முகமில்லை, உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இதுவரை படித்தாயே, அதற்கே உனக்குக் கோடி புண்ணியம். இந்த மறுவாழ்வு இல்லத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், கடிதத்துக்குத் தடையில்லை, கை நடுக்கம் நின்று எழுத்து எழுத்தாக வர இத்தனை நாள் ஆயிற்று.

நான் இங்கே வந்து சேர்ந்த கதையை அம்மா போனில் சொல்லியிருப்பாள், ஆனால் என் மானத்தைக் காப்பாற்றப் பாதியை விழுங்கியிருப்பாள், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை பத்து மணிக்கு நம் மெடிக்கல் ஷாப்பைத் திறக்கப் போனவன், சாவி சேரவில்லை என்று அரை மணி நேரம் பூட்டோடு மல்லுக்கு நின்றேன். பூட்டைத் திட்டினேன், சாவி செய்தவனைத் திட்டினேன், கடைசியில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து, "சார், இது எங்க கடை" என்றார். அன்று மதியமே அம்மா என் துணியை மடித்து வைத்துவிட்டு, "கெளம்புங்க, திண்டிவனத்துல எடம் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள். நானும் என் பங்குக்கு ஒரு பை கட்டினேன். கல்யாணப் பெண்ணுக்குச் சீர் எடுத்து வைப்பதுபோல நடுக்கத்துக்கு ஒன்று, தூக்கத்துக்கு ஒன்று, ஈரலுக்கு ஒன்று, வாந்திக்கு ஒன்று என்று எனக்கு நானே டாக்டராகி அட்டை அட்டையாக அடுக்கினேன். இங்கே நர்ஸ் கலைப்பிரியா, உன்னைவிடச் சின்னப் பெண், அந்தப் பையைக் கவிழ்த்து மேஜையில் கொட்டினாள். இருமல் டானிக் பாட்டிலை மட்டும் திறந்து மோந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாஷ்பேசினில் ஊற்றினாள். அதில் டானிக் இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும், நாலு மணிக்கு மேல் கடையிலேயே அளவு மூடியில் ஊற்றி ஊற்றிக் குடிப்பேனே, அந்தச் சரக்குதான். மருந்து மாதிரி அளந்துதான் குடித்தேன், மூடிகள்தான் நாற்பதைத் தாண்டிப் போகும்.

இங்கே மாத்திரை யார் கையிலும் இருக்கக் கூடாது. தலைவலி மாத்திரையைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். மூன்று வேளையும் மணி அடித்ததும் வரிசையில் நிற்க வேண்டும், பெயர் சொல்ல வேண்டும், நோட்டைப் பார்த்து எடுத்துத் தருவார்கள், அவர்கள் எதிரிலேயே விழுங்கித் தண்ணீர் குடிக்க வேண்டும், அப்புறம் "வாயத் தொறங்க சார், நாக்கத் தூக்குங்க" என்பாள் அந்தப் பெண். இருபத்தெட்டு வருஷம் கவுண்டருக்கு உள்ளே நின்று ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுத்த சவுரிராயன், இன்று லுங்கியோடு வரிசையில் நின்று எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி நாக்கைக் காட்டுகிறேன். முதல் வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரை அளவு அதிகம் என்று நானே தீர்ப்பு எழுதி, அதை மேல் உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கிவிட்டு வெறும் நாக்கைத் தூக்கிக் காட்டினேன். இரண்டு நாள் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன், மூன்றாம் நாள் காலை டம்ளரைத் தூக்கினால் டீ முழுக்க பனியனில். நர்ஸ் என் கையை நீட்டச் சொல்லி அதன் மேல் ஒரு காகிதத்தை வைத்தாள், அது ஆடிய ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, "எத்தினி மாத்திரைய துப்புனீங்க" என்றாள். பொய் சொல்ல என் வாய் எப்போதும் தயார், கைதான் ஒத்துழைக்கவில்லை. டாக்டர் கூப்பிட்டு, இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், திடுதிப்பென்று விட்டால் வலிப்பு வந்து உயிருக்கே மோசம் என்றார். இதே வார்த்தையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். பக்கத்துக் கட்டில்காரரிடம் அவருடைய பிரஷர் மாத்திரை சரியில்லை என்று நான் ஓதியதும் அன்றே வெளியே வந்துவிட்டது, இனி யாருக்கும் மருந்து யோசனை சொல்ல மாட்டேன் என்று என்னிடம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஆகையால் வெறும் வயிற்றில் வலி மாத்திரை போடாதே என்று உனக்கு எழுதலாமா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன், போடாதே.

அம்மா ஞாயிறு தவறாமல் வருகிறாள். காலைப் பூசை முடிந்ததும் பஸ் ஏறி, முட்டி வலியோடு, ஒரு தூக்கு நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவருகிறாள். கேட்டில் அந்தக் கடலையை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்கள், அந்த மல்லாட்டைக்குள் என்ன ஒளித்துவிட முடியும் என்று முதலில் கோபம் வந்தது, பிறகு எங்களில் ஒருவன் ஏற்கெனவே ஒளித்துக் காட்டியிருப்பான் என்று புரிந்தது. மாடியில் தண்ணித் தொட்டி ஒழுகுகிறதாம். பிரான்சிஸ் மாமா வீட்டில் தவக்காலம் முடிந்ததும் பையனுக்கு நிச்சயம். போன வாரம் அம்மா இன்னொன்றும் சொன்னாள், சொல்ல நினைத்து வந்தது போலத் தெரியவில்லை, பேச்சோடு பேச்சாக வாயில் வந்துவிட்டது. நீங்கள் நாலு பெண்கள் சேர்ந்திருக்கிற வீட்டில் சமையல் முறை உனக்கு வந்தால், நீ அதைக் கொடுத்துவிட்டு நாலு பேர் பாத்திரத்தையும் கழுவும் வேலையை வாங்கிக்கொள்கிறாயாம். "அவ ஒருத்தருக்கும் ஆக்கிப் போடறதில்லீங்க, பயந்துக்கினு இருக்கா" என்றாள்.

விஷயத்துக்கு வருகிறேன், இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்ததே பயத்தினால்தான். போன செவ்வாய்க்கிழமை டாக்டர் எங்களை வட்டமாக உட்கார வைத்து ஒரு மாத்திரையைப் பற்றிச் சொன்னார். நம் கடைக்கு வருகிற பெண்கள் குரலைத் தாழ்த்தி, "குடி மறக்கற மாத்திரை இருக்குங்களா" என்று கேட்பார்களே, அது. அது குடியை மறக்கவைக்காது, அதைச் சாப்பிட்டவன் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி எடுத்துக் கீழே விழுவான், செத்தும் போகலாம், அதனால் ஈரலும் இதயமும் தாங்குமா என்று சோதித்து, சாப்பிடுகிறவனுக்கு எல்லாம் சொல்லி, அவன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே கொடுக்க வேண்டும், ஒருநாளும் தெரியாமல் கலந்து கொடுக்கக் கூடாது என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது சீனுவாசன் என்று ஒருவர், மேல்மலையனூர் பக்கத்து விவசாயி, எழுந்து தன் கதையைச் சொன்னார். "எம்பொண்டாட்டி வெள்ளையம்மா விழுப்புரம் போயி வாங்கியாந்தா சார், கண்ணாடிய கவுத்துல கட்டி கழுத்துல தொங்க வுட்டுக்கினு ஒரு மெடிக்கல்காரரு இருந்தாராம், கூழுல கலந்து குட்த்துடும்மா ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாராம்" என்றார். கூழைக் குடித்துவிட்டு அமாவாசைக் கூட்டத்துக்குப் போனவர் அங்கே சரக்கும் அடித்திருக்கிறார். முகமெல்லாம் சிவந்து கோயில் வாசலிலேயே விழுந்திருக்கிறார். அங்காளம்மன்தான் அடித்துவிட்டாள், சாமி குத்தம் என்று ஜனங்கள் அவரைச் சுற்றி நின்று கற்பூரம் கொளுத்தியிருக்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவே ஒரு மணி நேரம். நாலு நாள் மூக்கில் குழாயோடு கிடந்து பிழைத்திருக்கிறார். நான் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டேன், கயிறு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் மாத்திரை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்று, அந்த மெடிக்கல்காரன் நான்தான் என்று சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் வரிசையிலிருந்து திரும்பி, "ஊரே இன்னும் ஆத்தான்னு நெனச்சி மூணு வருஷமா பொங்க வெச்சிக்கினு இருக்குது, நீதானா அது" என்றார். நான் சிரித்துவிட்டேன், அவர் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரிலதான் வெள்ளையம்மா ஒத்துக்கினா. ரெண்டு வருஷம் அவ கையால ஒரு வாய் சோறு துன்னல சார், அவ என்னா பண்ணுவா பாவம், நீ சொன்னத்ததான செஞ்சா" என்றார்.

அன்பு, அந்தக் கடைசி வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நீ ஒன்பதாவது படிக்கும்போதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாய். ரசத்தில் கலந்துவிடு, குழம்பில் கலந்துவிடு, வாசனை வராது என்று டாக்டர் சீட்டே இல்லாமல் அந்த மாத்திரையை எத்தனை பெண்களுக்கு உன் காதுபடக் கொடுத்திருக்கிறேன். சொல்லி முடித்ததும் உள்ளே போய் டானிக் பாட்டிலைத் திறப்பேன், ஊரான் குடியை நிறுத்திய களைப்பு தீர. வேலைக்குப் போகிற வயசில், அப்பனும் குடியை நிறுத்திவிடுவான் என்று நம்பி, நம் கடை அலமாரியிலிருந்தே அதை எடுத்து நீ என் ரசத்தில் கலந்தாய். நான் வழக்கம்போலக் குடித்தேன், விழுந்தேன், பெரியாஸ்பத்திரியில் வாந்தி எடுத்துக்கொண்டே இது என்ன மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்று டாக்டருக்கு நானே சொன்னேன், அவ்வளவு தேர்ச்சி. தேர்ச்சி அதோடு நின்றிருக்கலாம். பெற்ற மகளே விஷம் வைத்துவிட்டாள் என்று வார்டு முழுக்கக் கேட்கக் கத்தினேன், வந்த சொந்தக்காரர் ஒவ்வொருவரிடமும் சொன்னேன், நீ என் காலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். அந்த மாதமே ரயில் ஏறிவிட்டாய்.

மகளே, நீ விஷம் வைக்கவில்லை. செய்தது ஆபத்தான காரியம்தான், அதை மறைத்துப் பேச மாட்டேன், ஆனால் அந்த ஆபத்தை மருந்து என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பழியை உன் தலையில் போட்டது எனக்குச் சௌகரியமாக இருந்தது, மகளே கொல்லப் பார்த்தாள் என்று சொல்லிச் சொல்லியே இன்னும் ஆறு வருஷம் குடித்தேன். இன்று பிரான்சிஸ் மாமாவும் அம்மாவோடு வந்திருந்தார், அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கும் நான் வெளியே வந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய் என் வாயாலேயே சொல்வேன். அவர் என்னைப் பார்த்து, "இத்த சொல்ல ஆறு வருஷமா மாமா" என்றார்.

அந்த மாத்திரையை எனக்கே ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். ரத்தம், ஈரல், இதயம் எல்லாம் பார்த்துவிட்டார்கள், தாங்குமாம். வீட்டுக்குப் போன பிறகு அம்மா தினமும் காலையில் என் கையில் கொடுத்து நான் விழுங்குவதைப் பார்க்க வேண்டும், அவளும் சரி என்றாள். உன்மேல் எந்தப் பொறுப்பும் வைக்கவில்லை, பயப்படாதே. நேற்று சம்மதப் படிவத்தை நிரப்பினேன். இந்த மருந்தை இதற்கு முன் எடுத்ததுண்டா என்று கேட்டிருந்தது, ஆம் என்று எழுதினேன். யார் கொடுத்தது என்று அடுத்த கேள்வி. சவுரிராயன், மெடிக்கல் ஷாப், விழுப்புரம் என்று எழுதினேன். நர்ஸ் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "சார், இங்க உங்க பேரு வராது, குட்த்தவங்க பேருதான் வரும், தப்பா எழுதிட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தாள். தப்பில்லை, அவன்தான் கொடுத்தான் என்று சொல்லி, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஞாயிறு மாலை நாலிலிருந்து ஐந்து வரை இங்கே ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டால் எங்களைப் பேசவிடுவார்கள், நம்பர் அம்மாவிடம் இருக்கிறது. கூப்பிடு என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, நேரத்தை மட்டும் சொல்லி வைக்கிறேன். ஆண்டவரும் மாதாவும் உன் வேலையிலும் போக்குவரவிலும் துணை இருந்து, உன் கையால் ஆகிற காரியம் எல்லாவற்றையும் ஆசீர்வதிக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் அப்பா,
அ. சவுரிராயன்