ஜெசி பேசும்போது மட்டும்

ஜூலை 8, செவ்வாய்

இன்றும் நின்றுவிட்டது. ஜெசி அக்கா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் லேப்டாப் ஊமையானது. "அவ வாயத் தொறந்தாத்தான் இதுக்கு நோவு வருது" என்றாள் அம்மா, கீரையை உருவியபடி.

மதுரையில் ஓர் இணைய வானொலியில் தினமும் மாலை அரை மணி நேரம் அக்கா பேசுகிறாள். வீட்டில் கேட்காமல் முத்துக்குமரன் மச்சானைக் கட்டிக்கொண்டதிலிருந்து, "அவ பேச்சே இங்கன கூடாது" என்பது அப்பாவின் கட்டளை. அம்மாவுக்கு மகள் குரல் கிடைப்பது இதில்தான். அப்பா நான் படிப்பதற்காகத் தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுவிட்டு, போனோடு பின்னால் திராட்சைத் தோட்டத்துக்கு மோட்டார் போடப் போவார். "ஒங்கப்பா கெளம்பிட்டாக, போடுத்தா" என்பாள் அம்மா. மோட்டார் அறையிலிருந்து வீடுவரை சிக்னல் எட்டும். சோதித்திருக்கிறேன். பிறகு ஏன்?

ஜூலை 9

கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ரீட்டா டீச்சரிடம் கேட்டேன். என் லேப்டாப்பில் ஓடும் லினக்ஸில் வைஃபை, மின்சாரம் மிச்சம்பிடிக்க இடையிடையே தூங்குமாம். டெர்மினலில் ஒரே வரிக் கட்டளை அடித்து அதை நிறுத்தினேன். மற்ற நிகழ்ச்சிகள் தடைபடாமல் ஓடின. அக்கா வந்தாள் — நின்றது.

ஜூலை 10

பஃபரைக் கூட்டினேன். முன்கூட்டிச் சேர்த்துவைத்த ஒலி தீர்ந்ததும் மௌனம். அம்மா கீரையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதுதான் கஷ்டமா இருக்கு. நான் என்னத்தைப் படிச்சேன்?

ஜூலை 11

தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க, லேப்டாப்பிலிருந்து அப்பா போனுக்கு பிங் அனுப்பிக்கொண்டே இருந்தேன். முதலில் பதில்கள் ஒழுங்காக வந்தன. அக்கா நேரம் நெருங்கியதும் தாமதித்து, பிறகு வரவேயில்லை. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. அப்படின்னா — போன் நடந்து போகுது.

போய்ப் பார்த்தேன். மோட்டார் அறையில் அப்பா இல்லை. பந்தலின் கடைசியில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். போன் காதோடு. மெலிதாக, வானொலியில் அக்கா குரல்.

கொடிக்குக் கீழே குனிந்தபடியே திரும்பிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஜூலை 12

"தோட்டத்துலருந்து சிக்னல் எட்டலப்பா. போன வீட்டுலயே வச்சுட்டுப் போறீகளா?"

"அப்படி என்னத்தப் படிக்கிற?"

பொய் வரவில்லை. "அம்மாவும் நானும் ஒண்ணு கேக்கணும்."

அப்பா வெகுநேரம் செருப்பைத் தேடினார். அது அவர் காலில்தான் இருந்தது.

ஜூலை 14, திங்கள்

அப்பா தோட்டத்துக்குப் போகவில்லை. போனை அடுப்படி சிலாப்பில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். அக்கா குரல் வந்ததும் நான் ஒலியைக் குறைக்கப் போனேன்.

"இருக்கட்டும்."

ஒருமுறைகூட நிற்கவில்லை. அம்மா கீரையைத் தொடவேயில்லை.

முடிந்ததும் அப்பா எழுந்து துண்டை உதறினார். "தொண்ட கட்டியிருக்கு அவளுக்கு. என்னன்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.

போன் சிலாப்பிலேயே இருந்தது.