கமாரோவின் நாலு போல்ட்டு

டெல்மர்,

அடுப்புல மாட்டுக்கறிச் சூப் இருக்கு, சூடு பண்ணிக்கோ. உன் தம்பி லைல் வந்து ஜாக் கேட்டா குடுக்காத. நம்ம கமாரோ கார் அதுமேலதான் நிக்குது.

வண்டிய வித்துடலாம்னு நான் சொன்ன கோவத்துல, நேத்து முன்சக்கரத்தத் தாங்கற இரும்புச் சட்டத்தத் தனியாவே மாட்டி இறுக்கிட்ட. ஒரே கோணல். அப்படியே ஓட்டினா வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டுலதான் போகும். நாலு போல்ட்டையும் தளர்த்தி வச்சிருக்கேன். நான் வர்ற வரைக்கும் தொடாத.

மூலைக்கு மூலை டேப் வச்சு, ரெண்டு பக்கமும் சமமா இருக்கான்னு அளந்துட்டுதான் இறுக்கணும். அதுக்கு ரெண்டு பேர் வேணும், உனக்கே தெரியும். வேலை முடிஞ்சதும் நேரா ஷெட்டுக்கு வந்துடறேன்.

ரோண்டா

பி.கு: வண்டிச் சாவி பழைய இடத்துலதான் இருக்கு.

இன்னொண்ணு: என்கூடப் பேசப் பிடிக்கலேன்னா பேசாத. டேப்புல இருக்கற அளவ மட்டும் சத்தமாப் படிச்சுச் சொல்லு.