தட்டும் முன் உதைத்த கால்

மார்ச் 4
டிரைவிங் ஸ்கூலில் பதினோரு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறேன். எத்தனையோ பேர் என்னோடு சேர்த்துக் காரைச் சுவரில் ஏற்றப் பார்த்தார்கள். என் பக்கம் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதித்தே பிழைத்தேன். இன்று காரைவிட்டு இறங்கும்போது பனிக்குடம் உடைந்துவிட்டது. இதற்கு பிரேக் எங்கே இருக்கிறது? இருபத்தொன்பதாவது வாரம்தானே ஆகிறது!

மார்ச் 5
வலி வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னார்: "இனி தள்ளிப்போட முடியாதும்மா. இன்னிக்கோ நாளைக்கோ பிறந்துடும். அதுக்குள்ள மெக்னீசியம் ஏத்திடுவோம். குழந்தையோட மூளைக்குப் பாதுகாப்பு. பின்னால கை கால் சரியா இயங்காம போற ஆபத்து குறையும்."

குறையும் என்றுதான் சொன்னார், இருக்காது என்று சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

மருந்து ஏறியதும் உடம்பெல்லாம் தகதகவென்று எரிந்தது. வீட்டுக்காரர் செய்தித்தாளால் விசிறினார். ஐந்தாவது நிமிஷம் அதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மனுஷனா இவர்!

மணிக்கொரு தரம் சிஸ்டர் சின்னச் சுத்தியலோடு வந்து முட்டியில் தட்டுகிறார். கால் துள்ளினால் மருந்து ஓடும். துள்ளாவிட்டால் நிறுத்திவிடுவார்களாம்.

நிறுத்துவதா? என் பிள்ளைக்குப் போகிற மருந்தையா?

அதே நாள், ஏழு மணி
எழுத்து கோணலாகப் போகிறது. போகட்டும்.

நாலு மணிக்கே கால் கனத்துப்போனது. தானாகத் துள்ளாது என்று தெரிந்தது — நானே உதைத்தேன். சிஸ்டர் "சூப்பர்" என்றார். ஐந்து மணிக்கும் உதைத்தேன். ஆறு மணிக்குச் சுத்தியலைக் கண்டதுமே கால் பாய்ந்துவிட்டது. பிரேக் மிதித்த பழக்கம். டிரே, தண்ணீர் எல்லாம் தரையில்.

"நான் இன்னும் தட்டவே இல்லையேம்மா!"

திருதிருவென்று முழித்தேன். கண்ணை மூடச் சொல்லித் தட்டினார். கால் அசையவே இல்லை. மருந்தை நிறுத்திவிட்டார்.

டாக்டரம்மா வந்து விளாசினார்: "கால் துள்ளலேன்னா அடுத்து உங்க மூச்சுதான் நிக்கும். நீங்க மூச்சு விட்டாத்தானே குழந்தைக்கு மூச்சு? யாரை ஏமாத்துறீங்க?"

பொலபொலவென்று அழுதேன். "அவனுக்கு மருந்து பத்தாம போயிடுச்சுன்னா?"

"குழந்தைக்கு வேண்டிய மருந்து போயாச்சும்மா" என்றார், குரல் இறங்கி.

வீட்டுக்காரர் திட்டவே இல்லை. குனிந்து தரையைத் துடைத்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மார்ச் 6
பிறந்துவிட்டான். நான் நினைத்தது போலவே பையன்தான். ஒரு கிலோ இருநூறு. அழுதான்!

மார்ச் 13
தலை ஸ்கேன் நன்றாக இருக்கிறதாம். மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவை இவர் கேட்டார். "முழுசாத் தெரிய இன்னும் ரொம்ப மாசம் ஆகும், ஆனா இப்போதைக்கு ஒரு குறையும் இல்ல" என்றார் டாக்டரம்மா. இவர் வராந்தாவுக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.

மார்ச் 15
இன்று முதன்முதலாக அவனை என் நெஞ்சில் படுக்க வைத்தார்கள். அசையக் கூடாதாம். ஒரு மணி நேரமும் எனக்கு மூக்கு அரித்தது. தொடவே இல்லை.