பதினெட்டு வெள்ளை டப்பாக்கள்

1994 ஜூலை 11, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ராஜபாளையத்தில் பஸ் ஏறும்போதே கண்ணெல்லாம் புழுதி. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடம். லேட்தான்.

பள்ளிக்கூடத்து ஆயாவின் வெள்ளாடு செத்துப்போனது. வயிற்றில் உருண்டை உருண்டையாகப் பாலிதீன். எல்லாம் என் வகுப்புப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாடு கொண்டுவரும் பைகள். எங்கள் பள்ளியில் சத்துணவு இல்லை. சுடுசோறு ஒரு பையில், ரசம் இன்னொன்றில். தின்று முடித்ததும் சுவருக்குப் பின்னால் வீசிவிடுவார்கள். ஆயா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

நாலாம் வகுப்பில் அறிவித்துவிட்டேன். அடுத்த திங்கள் முதல் பை கூடாது. எண்ணிக்கை: எவர்சில்வர் டப்பா 9, அலுமினியத் தூக்கு 7. ஒன்றும் இல்லாதவர்கள் 18.

"எங்க வீட்டுல டப்பா கெடையாது டீச்சர்" என்றாள் பேச்சி. மம்சாபுரத்துப் பிள்ளை. அம்மா களை எடுக்கப் போகிறவள்.

சட்டம் போட்டது நான். டப்பாவும் நான்தான் பார்க்க வேண்டும்.

ஜூலை 14, வியாழன்

சாரல். துணி காயவில்லை.

என் வீட்டுக்காரருக்கு உரக்கடையில் வேலை. கடையின் பின்கட்டில் காலி டப்பாக்கள் குவிந்து கிடக்கின்றனவாம். ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தார். வெள்ளை பிளாஸ்டிக், இறுக்கமான மூடி, ஒரே அளவு. பிள்ளைகள் கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

"இதுல என்ன வந்துச்சுங்க?"

"நுண்ணூட்டம். செடிக்குப் போடுற சத்துத் தூள். பயப்படாத, கழுவுனா போயிரும்."

வெந்நீரில் ஊறவைத்து லேபிள் உரித்தோம். சோடா உப்புப் போட்டுத் தேய்த்தேன். மூன்று தண்ணீர். கை வெளுத்துப்போனது. மனசுக்குச் சந்தோஷம்.

ஜூலை 18, திங்கள்

வெயில். டப்பாக்களைக் கொடுத்தாயிற்று. பேச்சி மூடியைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள். சுவருக்குப் பின்னால் ஒரு பைகூட இல்லை.

பெரிய டீச்சர் (தலைமை ஆசிரியை) வந்து பார்த்தார். "அதிகாரி வரும்போது காட்டணும் சரோஜா" என்றார். அவர் வாயிலிருந்து என் பெயர் இவ்வளவு மென்மையாக வந்ததே இல்லை.

ஞாபகம்: அரிசி புடைக்க. சாக்பீஸ்.

ஜூலை 20, புதன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் செல்வி டப்பாவோடு மேஜைக்கு வந்தாள். "டீச்சர், சோறு ஒரு மாதிரி வாடை அடிக்கி." முகர்ந்து பார்த்தேன். சூடான சோற்றிலிருந்து ஆவியோடு கிளம்பியது. இந்த வாடை எனக்குத் தெரியும். சாயங்காலம் இவர் கழற்றிப் போடும் சட்டையில் வரும்.

"யாரும் சாப்பிடாதீங்க! கீழே வைங்க!" நான் போட்ட சத்தத்தில் ஒரு பிள்ளை அழுதுவிட்டது. அதற்குள் இரண்டு பேர் பாதி தின்றாயிற்று. இருவரும் வாந்தி. ஆயாவும் நானும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாத்திரை, குளுக்கோஸ். நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

டப்பாக்களைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினேன். பதினேழு. பேச்சி இன்று வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவரிடம் கேட்டேன். சட்டைப் பொத்தானில் வைத்த கையை எடுக்காமல் நின்றார்.

"வெதைக்குப் பெரட்டுற பூச்சி மருந்தும் அதே டப்பாலதான் வரும். ரெண்டும் ஒண்ணாத்தான் கெடந்துச்சு."

"எது எதுன்னு தெரியாதா?"

"லேபிளத்தான் உரிச்சாச்சே."

நான் கேட்டது ஒரே ஒரு தடவை. உடனே நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

ஜூலை 21, வியாழன்

பேச்சி இன்றும் வரவில்லை.

பெரிய டீச்சர் அறைக்குப் போய் எல்லாம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். "ரெண்டு பிள்ளையும் நல்லா இருக்கு. இதோட விட்டுரு. பேச்சிகிட்ட இருக்க அந்த டப்பா ஓட்டைன்னு சொல்லி வாங்கிட்டு வந்திரு. சாயங்காலம் போனாப் போதும்."

அரை நாள் லீவு எழுதி மேஜையில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மம்சாபுரம். ஓட்டு வீடு. பேச்சி பாயில் சுருண்டு கிடந்தாள். அம்மா காளியம்மாள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில். "நேத்துக் காலையில இருந்து வாந்தி டீச்சர். சூடு போல. கஞ்சித்தண்ணி குடுக்கேன், அதுவும் நிக்கல."

கஞ்சி வெள்ளை டப்பாவில் இருந்தது.

"அம்புட்டு நல்ல டப்பா. எறும்புகூட ஏற மாட்டேங்கி."

டப்பாவை எடுத்து முற்றத்தில் கவிழ்த்தேன்.

"எதுக்குக் கொட்டுதிய?"

ஓட்டை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. "மருந்து டப்பா காளியம்மா. தெரியாமக் குடுத்துட்டேன்."

அவள் பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். பஸ் இல்லை. பால் வேன் ஒன்றை மறித்தோம். பேச்சியின் தலை அவள் தோளில் ஆடிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது: "மருந்து பேரு என்ன?" எனக்குத் தெரியாது. "பேரு தெரிஞ்சா நல்லது. சீக்கிரம்."

எதிரே இருந்த பூத்திலிருந்து கடைக்கு போன். இவரே எடுத்தார். "அந்த மருந்துல ஒரு டப்பா லேபிளோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

"மொதலாளி இருக்காரு..." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என்னன்னு சொல்ல?"

"உள்ளதச் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன். வருவாரா என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றேன். மூன்றாவது பஸ்ஸில் இறங்கினார், நெஞ்சோடு அணைத்த மஞ்சள் பையுடன். மருந்து டப்பாவைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

டாக்டர் லேபிளைப் படித்தார். ஊசி, குளுக்கோஸ் பாட்டில். "கொஞ்சந்தான் உள்ள போயிருக்கு. இன்னும் ரெண்டு நாள் குடிச்சிருந்தா வேற மாதிரி."

ஜூலை 22, வெள்ளி

ஆஸ்பத்திரியிலேயே விடிந்தது. பேச்சி கண் விழித்து, டீயில் நனைத்துத் தின்ன வருக்கி கேட்டாள். டாக்டர் சிரித்தார். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

காளியம்மாள் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. எட்டு மணி வாக்கில் ஒரு கேள்வி. "எம்மகளுக்கு மட்டுந்தான் குடுத்தியளா?"

"பதினெட்டுப் பேருக்கு."

"அவிய ஆத்தாமாருக்குச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

"பொறவு இங்க என்ன செய்தீய? போய்ச் சொல்லுங்க."

போனேன். பள்ளிக்கூடத்துக்கு அல்ல, வீடு வீடாக. பட்டியலில் ஒவ்வொரு பெயராக டிக். ஒருத்தி காப்பி கொடுத்தாள், குடிக்க முடியவில்லை. ஒருத்தி, "நல்லதுன்னுதான செஞ்சீக" என்றாள். செல்வியின் அப்பா வாசற்படியைத் தாண்ட விடவில்லை. "படிச்சவங்கதான நீங்க?" அது சரிதான். அவர் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படிதான் சொன்னார். அதுவும் சரிதான்.

ஜூலை 23, சனி

பெரிய டீச்சரிடமிருந்து மெமோ. அனுமதியின்றிப் பெற்றோரைச் சந்தித்ததற்கு விளக்கம் கேட்டு. டப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பதினெட்டிலும் இவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் துளை போட்டார். யாரும் எடுத்து இன்னொன்றுக்கு வைத்துக்கொள்ளக் கூடாதே. முதலாளி இவரை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார். இவர் துளை போட்டுக்கொண்டே இருந்தார்.

தெருவில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவள் வந்தாள். ஐந்து சேலைக்கு ஆறு எவர்சில்வர் டப்பா. எதிர்வீட்டு லட்சுமியம்மா இரண்டு கொடுத்தார். இன்னும் பத்து வேண்டும். அதுவரை வாழையிலையில் சோறு, துணியில் முடிச்சு.

ஜூலை 25, திங்கள்

பேச்சி வந்துவிட்டாள். மெலிந்திருக்கிறாள்.

முதல் பாடவேளை. கணக்குப் பாடம் எடுக்கவில்லை. எல்லாரையும் உட்காரச் சொல்லிவிட்டு நான் மட்டும் நின்றேன். நான் கொடுத்த டப்பாவில் மருந்து இருந்தது என்றேன். எத்தனை தடவை கழுவினாலும் அந்த மாதிரி டப்பாவில் சோறு வைக்கக் கூடாது, அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், சரியாக விசாரிக்காமல் கொடுத்தது என் தப்பு என்றேன். யார் கொடுத்தாலும், நானே கொடுத்தாலும், முன்னால் அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள் என்றேன்.

செல்வி எழுந்தாள்.

"டீச்சர், ஒங்க சோத்த அதுல கொண்டாந்தீயளா?"

இல்லை என்றேன்.