பவுலாவின் கைக்கு வந்த புறாக்கள்

1997 ஏப்ரல் 27, ஞாயிறு

எல்லைக்கு அப்பால் பிரான்சின் நுவாயோனிலிருந்து புறாப் பந்தயம். வடகிழக்கிலிருந்து எதிர்க்காற்று. பறவைகள் வயலை ஒட்டித் தாழப் பறந்து வந்தன. பன்னிரண்டு அனுப்பினேன், பதினொன்று திரும்பின. சங்கத்தில் ஏழாம் இடம். வராதது சாம்பல் கழுத்தன். வழியில் எங்கோ வல்லூறு அடித்திருக்கும்.

பவுலா கொடியில் காய்ந்த வெள்ளை விரிப்பை எடுத்து வந்து என் முகத்துக்கு நேரே விரித்தாள். நடுவில் பச்சையாக எச்சம். "அத்தனை தூரத்துல இருந்து வீட்டுக்கு வழி கண்டுபிடிக்குது. என் கொடி மட்டும் அது கண்ணுல படாதா?"

கல்யாணமான நாளிலிருந்து இதே கேள்வி. முப்பத்தொரு வருஷமாகிறது.

மே 1, வியாழன்

மருத்துவமனைப் படுக்கையில் எழுதுகிறேன். வெட்கக்கேடு. முப்பத்திரண்டு வருஷம் தேவாலயக் கூரைகளுக்கு ஓடு மாற்றியவன் நான். கோபுர உச்சியில் உட்கார்ந்து ரொட்டி தின்றவன். நேற்றுக் காலை என் சொந்தப் புறாக் கொட்டிலின் கூரையிலிருந்து விழுந்தேன். எட்டடி உயரம் இருந்தால் அதிகம்.

வழக்கம்போல ஏழு மணிக்குப் புறாக்களைத் திறந்துவிட்டேன். இரண்டு சுற்றுத்தான் சுற்றியிருக்கும். ஆற்றங்கரை பாப்லார் மரங்களுக்குள்ளிருந்து வல்லூறு கிளம்பியது. துடைப்பத்தோடு கூரையில் ஏறினேன். வீசினேன். வல்லூறு போனது. நானும் போனேன்.

கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. எட்டு வாரம் மாவுக்கட்டு. பவுலா பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "துடைப்பத்தை எதுக்கு மனுஷா மேல கொண்டு போன?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். நர்ஸும் சேர்ந்துகொண்டாள்.

எட்டு வாரம்! பந்தயக் காலத்தில் பாதி போய்விடுமே.

மே 4, ஞாயிறு

வீட்டுக்கு வந்தாயிற்று. மாடியில் பின்பக்க அறையில் படுக்கை. ஜன்னல் வழியாகத் தோட்டமும் கொட்டிலும் தெரிகின்றன. பார்க்கலாம், தொட முடியாது. இதைவிடத் தண்டனை உண்டா?

மதியம் காமீல் வந்தான். தெருமுனையில் இருக்கும் அவனுடைய மதுக்கடையில்தான் எங்கள் சங்கம் கூடுகிறது. அவன்தான் செயலாளர். என் பழைய போட்டியாளனும் அவன்தான்.

"கால் சரியாகுற வரைக்கும் உன் புறாவை எல்லாம் நான் வச்சுக்கிறேன்டா."

"வச்சுக்கோ. நீ கதவைத் திறந்த அடுத்த நிமிஷம் எல்லாம் இங்க வந்து நிக்கும்."

"அப்ப யாரு பாத்துக்கிறது?"

இருவரும் பவுலாவைப் பார்த்தோம். அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "தீனி போடுறேன். தண்ணி வைக்கிறேன். கையால தொட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

முன்னறையில் நாள் முழுக்க ஊர்ப் பெண்களின் தலையைப் பிடித்து முடி வெட்டுகிறவள். ஒரு புறாவைப் பிடிக்கப் பயமாம். "அதோட நெஞ்சு படபடன்னு அடிக்கிறது கையில தெரியும், ரெமி. எனக்கு வேண்டாம்."

மே 7, புதன்

இன்று கொட்டிலைச் சுரண்டிக் கழுவினாள். மூக்கில் கைக்குட்டை, தலையில் சாயம் பூசும்போது வாடிக்கையாளர்களுக்கு மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி. புறாக்கள் மிரளவில்லை. நான்தான் மிரண்டேன்.

மே 10, சனி

பந்தயத்துக்கு ஆண் புறாக்களை எப்படித் தயார் செய்வது என்று மேலிருந்து பாடம் நடத்தினேன். வாரம் முழுக்க ஆணும் பெட்டையும் தனித்தனி அறையில். பந்தயத்துக்குக் கூடையில் அடைக்கும் முன் ஐந்து நிமிஷம் முகத்தைக் காட்டிவிட்டுப் பிரிக்க வேண்டும். அந்த ஏக்கத்தில்தான் பறந்து வரும்.

பவுலா கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "அவ்வளவுதானா ரகசியம்? இது தெரிஞ்சிருந்தா காமீல் கடையில இருந்து உன்னை நேரத்துக்கு வரவச்சிருப்பேனே!"

புறாக்களுக்குப் பெயரும் வைக்க ஆரம்பித்திருக்கிறாள். நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நடக்கும் நீலப் புள்ளிக்காரனுக்கு 'மேயர்' என்று பெயர். என் பதிவேட்டில் அவனுக்கு வெறும் எண்தான். ஆனால் பெயர் பொருத்தம். அப்படியே எங்கள் மேயர்தான்.

மே 18, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பவுலா புறா விட்ட முதல் பந்தயம். நுவாயோன். காற்று பின்னாலிருந்து, அருமையான நாள். மேயர் 9.41க்கு வந்துவிட்டான்! முதல் இடம் வாங்கும் நேரம் அது. காலில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றி, நேரம் பதியும் பந்தயக் கடிகாரத்தில் போட்டால் முடிந்தது. ஆனால் மேயர் கொட்டிலுக்குள் போகாமல் கூரையில் உட்கார்ந்தான்.

ஞாயிறு என்றாலும் பவுலாவுக்கு வேலை இருந்தது. அடுத்த தெரு அல்மாவின் பேரனுக்கு இன்று தேவாலயத்தில் உறுதிபூசுதல் சடங்கு. அல்மாவுக்குத் தலை அலங்காரம். என் சத்தம் கேட்டு வாயில் சீப்போடு பவுலா தோட்டத்துக்கு ஓடி வந்தாள். பின்னாலேயே பாதித் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு அல்மா.

"சத்தம் போடாதீங்க!" என்று நான் கத்தினேன்.

"நீதான் கத்துற!" என்று பவுலா கத்தினாள்.

மேயர் அல்மாவின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படி ஒன்றை அவன் பிரான்சில்கூடப் பார்த்திருக்க மாட்டான். கிளம்பி அடுத்த வீட்டுப் புகைபோக்கிக்குப் போய்விட்டான். பதினோரு நிமிஷம்! கடைசியில் தானாக உள்ளே போனபோது பவுலா எதிரில் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பிடி!"

"கடிக்குமா?"

"பிடி பவுலா, பிடி!"

பிடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு. கடைசிக்கு முந்தின இடம். நான் ஏதோ சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். இரவு சூப் ஆறிப்போய் வந்தது.

மே 19, திங்கள்

பேச்சு இல்லை. சூப் இன்றும் ஆறித்தான் வந்தது.

மே 21, புதன்

காலையில் கீழே கடகட என்று ஒரு சத்தம். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். பவுலா கொண்டை ஊசி டப்பாவில் பட்டாணியைப் போட்டுக் குலுக்குகிறாள். நான் முப்பது வருஷமாக விசிலடித்துக் கூப்பிட்டவை எல்லாம் அவள் காலடியில் போய் இறங்குகின்றன. மேயர் அவள் உள்ளங்கையில் தின்கிறான்.

"ஜன்னலைச் சாத்து. நீ பாத்தா அதுங்களுக்குக் கூச்சமா இருக்காம்" என்றாள்.

பேசிவிட்டாள்! அப்பாடா.

மே 25, ஞாயிறு

ஐந்தாம் இடம். வந்ததும் ஒன்பது நொடியில் வளையம் கடிகாரத்தில். ஒன்பது நொடி! எனக்கே பதினைந்து ஆகும். அவளிடம் சொல்லவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

வல்லூறு மறுபடி வந்தது. காலை ஏழேகாலுக்கு. வெள்ளை வாலனைத் தோட்டத்தின் மேலேயே அடித்துக்கொண்டு போனது. நான் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினேன், வேறென்ன செய்ய? பவுலா புல்லில் கிடந்த இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். மேலே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எப்படி ரெமி இதைத் தாங்கிக்கிட்ட, இத்தனை வருஷம்?"

தாங்கியிருக்கிறேனா? தெரியவில்லை. அன்றன்றைக்கு எண்ணிக்கையை எழுதிவிட்டுக் காமீல் கடைக்குப் போயிருக்கிறேன்.

இறகுகளை என் போர்வை மேல் அடுக்கிக்கொண்டே அவளே சொன்னாள்: "அது காலையில பசியோட வருது. மணி தவறாம வருது. ஏன்னா நீ வச்ச மணிக்கே நானும் திறக்கிறேன். நாளையில இருந்து மத்தியானம் திறக்கிறேன். ஒரு நாள் ஒரு மணி, மறுநாள் ரெண்டரை. எப்பத் திறப்போம்னு அதுக்குத் தெரியக் கூடாது."

வல்லூறைத் தொடக் கூடாது, சட்டம். ஏமாற்றக் கூடாது என்று சட்டம் இல்லை. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை? வேலைக்குப் போகுமுன் திறந்து பழகிவிட்டது, அதுதான் காரணம்.

ஜூன் 8, ஞாயிறு

மழை. பந்தயம் ரத்து. பவுலா என்னைவிட அதிகமாகத் திட்டினாள்.

ஜூன் 15, ஞாயிறு

மூன்றாம் இடம். பன்னிரண்டு நாளாக வல்லூறுக்கு ஒரு புறாவும் போகவில்லை. காமீல் வந்து, "உன் பெண்டாட்டி என்னத்தடா தீனியில கலக்குறா?" என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும்? என்னிடம் அவள் சொல்வதில்லை.

ஜூன் 19, வியாழன்

நடு பிரான்சில் ஷாத்தோருவிலிருந்து பந்தயம், அதற்கு இன்று கூடையில் அடைக்க வேண்டும். நானூற்று எழுபது கிலோமீட்டர். வருஷத்தில் நான் காத்திருப்பது இந்த ஒரு பந்தயத்துக்குத்தான். ஒரு தடவைகூட வென்றதில்லை. ஆறு புறாக்களை அனுப்பச் சொன்னேன்.

"வானிலை கேட்டியா? பாரிஸ் பக்கம் இடி மழையாம்."

"கேட்டேன். பந்தயம் நடத்துறவங்களே பாத்துத்தான் விடுவாங்க."

"மேயரை அனுப்பணுமா?"

"மேயர் இல்லாம ஷாத்தோருவா!"

கீழே போனாள். நாலே நாலு புறாக்களைக் கூடையில் அடைத்துச் சங்கத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். மேயர் அதில் ஒருவன். ஐந்து நிமிஷத்துக்குப் பதிலாக அரை மணி நேரம் அவனைப் பெட்டையோடு விட்டுவைத்தாள். விதியை மீறுகிறாள் என்று மேலிருந்து கத்தினேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 21, சனி

வானொலியில்: ஷாத்தோருவில் மழை, புறாக்களை விடவில்லை, நாளை பார்ப்போம். பவுலா மூன்று பேருக்கு முடி வெட்டினாள். ஒருத்தியின் காதில் கத்தரி பட்டுவிட்டது. சின்னக் கீறல்தான்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

காலை ஏழேகாலுக்கு விட்டார்கள். நல்ல நாளாக இருந்தால் இரண்டு மணிக்கு வர வேண்டும். பன்னிரண்டரைக்கே தெற்கே வானம் கன்னங்கரேல் என்று ஆகிவிட்டது. இரண்டு மணி. ஒன்றும் இல்லை. மூன்று மணிக்கு இடியும் ஆலங்கட்டியும். பவுலா என் பழைய கூரைவேலைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. நாலு மணிக்குக் காமீல் போன் செய்தான்: சங்கத்தில் எண்பத்தேழு புறாக்கள், இதுவரை ஒன்றுகூட வரவில்லை.

என்ன செய்துவிட்டேன்? அவள் தயங்கினாளே. எனக்கு ஒரு முதல் இடம் வேண்டும் என்பதற்காக... அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. டப்பாவைக் குலுக்கவும் இல்லை, கையில் சும்மா வைத்திருந்தாள்.

"பவுலா! நான்தான் தப்பு பண்ணிட்டேன்!" என்று கத்தினேன்.

"தெரியும்! இப்ப பேசாம இரு!"

ஐந்து மணி பன்னிரண்டு நிமிஷம். மழை விட்டிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம், உருளைக்கிழங்கு வயலின் மேல், செடிகளைத் தொடுகிற உயரத்தில் ஒரு புள்ளி. சரியாகப் பறக்கவில்லை, நனைந்து கனத்து வருகிறது. நான் கத்தவில்லை. அப்போதுதான் பாப்லார் மரங்களிலிருந்து வல்லூறு கிளம்புவதைப் பார்த்தேன்.

பவுலாவும் பார்த்தாள். டப்பாவை அப்படியே வீசினாள். பட்டாணி எல்லாம் வானத்தில் சிதறியது. கோட்டை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு, "போ! போடா திருட்டு நாயே! போ!" என்று கத்தியபடி வயலை நோக்கி ஓடினாள். ஐம்பத்தாறு வயது, முட்டி வலிக்காரி, வேலியை ஒரே தாண்டு. வல்லூறு எத்தனையோ கூச்சலைக் கேட்டிருக்கும், இப்படி ஒன்றைக் கேட்டிருக்காது. நடு வானில் நின்ற மாதிரி தயங்கியது, சரிந்தது, ஒருக்களித்து ஆற்றுப் பக்கம் போய்விட்டது. மேயர் கொட்டிலுக்குப் போகவில்லை, கூரைக்குப் போகவில்லை. சேற்றில் நின்றுகொண்டிருந்த அவள் தோளில் வந்து விழுந்தான்.

இரண்டு கையாலும் பிடித்தாள். கண் திறந்தே இருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடி வந்தாள். வளையம் கழன்றது. கடிகாரம் 'டக்' என்றது.

நான் எப்படிக் கீழே வந்தேன்? மாடிப்படி முழுக்க உட்கார்ந்தபடியே சறுக்கி, மாவுக்கட்டைத் தூக்கிக்கொண்டு. தோட்டத்து வாசலில் தரையில் உட்கார்ந்தேன். அவளும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மேயரின் வாலில் மூன்று இறகு இல்லை, நெஞ்சில் இரத்தம் காய்ந்த கீறல். வழியிலும் எதுவோ துரத்தியிருக்கிறது.

"இங்க கை வச்சுப் பாரு. எப்படி அடிக்குது!" என்றாள். வைத்தேன். யாருடைய நெஞ்சு அதிகமாக அடித்தது என்று சொல்ல முடியாது. மூவருடையதும்தான்.

அப்புறம் கடிகாரத்தைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு சேற்றுக் காலோடு காமீல் கடைக்குப் போனாள். மருத்துவமனையில் தந்த சக்கர நாற்காலியில் என்னையும் தள்ளிக்கொண்டு. கடிகாரங்களைத் திறந்தார்கள். இருட்டும்வரை சங்கம் முழுக்க வந்தவை ஐந்தே ஐந்து. முதல் புறா மேயர்தான், அடுத்ததைவிட இருபத்தாறு நிமிஷம் முன்னால்.

காமீல் எழுந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "முதல் இடம்... ரெமியோட..." என்று ஆரம்பித்தான்.

"ரெமி கட்டில்ல கெடந்தான். விட்டது நான்" என்றாள் பவுலா.

கடையே கைதட்டியது. பழுப்பு பீர் வந்தது, ஒன்று, இன்னொன்று. நான் அழுதேன் என்று காமீல் ஊர் முழுக்கச் சொல்வான். சொல்லட்டும். உண்மைதான்.

ஜூன் 26, வியாழன்

ஷாத்தோருவிலிருந்து திங்களன்று ஒன்று திரும்பியது, இன்று ஒன்று. இரண்டாவது நடந்தே வந்தது, வேலிக்கு அடியில் நுழைந்து. நான்காவது வரவில்லை. பவுலா அதன் அறையைத் திறந்தே வைத்திருக்கிறாள்.

ஜூன் 27, வெள்ளி

மாவுக்கட்டு எடுத்தாயிற்று! கால் வெள்ளரிக்காய் மாதிரி வெளுத்திருக்கிறது. தடியை ஊன்றிக்கொண்டு நேராகக் கொட்டிலுக்குப் போனேன், எட்டு வாரம் கழித்து. கதவைத் திறந்தேன். அத்தனையும் படபடவென்று மேல் பலகைக்கு ஏறி, யாரிவன் என்பதுபோல் பார்த்தன.

விசிலடித்தேன். ஒன்றும் இறங்கவில்லை.

"தள்ளு மனுஷா, பயப்படுதுங்க" என்று பின்னால் குரல் கேட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

நுவாயோன். இரண்டாம் இடம். காமீல் முதல் இடம், நாலு நொடி வித்தியாசத்தில்.

பவுலா மதியத்திலிருந்து கொட்டிலில்தான் இருக்கிறாள். ஒரே ஒரு தடவை தலையை வெளியே நீட்டிச் சொன்னாள்: "காத்து மேற்க இருந்து அடிச்சுது, ரெமி. காமீல் வீடு கிழக்க. அதான்." உருளைக்கிழங்கு வறுத்தேன், மட்டிச் சிப்பி வேகவைத்தேன். கூப்பிட்டேன், வரவில்லை. கொட்டிலில் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து, மேயரின் சிறகை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டுகளை அங்கேயே கொண்டுபோனேன். இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒரு புறாவும் மேலே பறக்கவில்லை.